அல்-பீரூனியின் நூற்பட்டியலும் மேற்கோட் கணக்கும்

மருத்துவ மேதை முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ எழுதிய நூல்கள் யாவை என ஒருவர் கஸ்னாவில் வாழ்ந்த அறிஞர் அபூ ரைஹான் முஹம்மத் இப்னு அஹ்மத் அல்-பீரூனியிடம் வினவினார். அவ்வினாவுக்கு விடையாக ஹிஜ்ரி 427ஆம் ஆண்டில் (கி.பி. 1036 அளவில்) அல்-பீரூனி ஒரு மடல் வரைந்தார். ராஸீயின் 184 நூல்கள் அதில் துறைவாரியாக வகுத்துத் தரப்பட்டுள்ளன. அதனைத் தொடர்ந்து, அவ்வாண்டு வரை தாம் எழுதியவற்றின் பட்டியலையும் அவர் இணைத்தார். சந்திர ஆண்டுக் கணக்கில் அப்போது தமக்கு வயது 65 என்றும், சூரிய ஆண்டுக் கணக்கில் 63 என்றும் குறிப்பிடுகின்றார். வயதைக்கூட இரு கணக்கிலும் சொன்னாலன்றி அவருக்கு நிறைவு ஏற்படாது போலும்.

இம்மடலின் கையெழுத்துப் பிரதி ஒல்லாந்தின் லெய்டன் நகரில் பேணப்பட்டு வருகின்றது. ஜெர்மனியக் கீழைத்தேயவியலாளர் எட்வர்ட் ஸாஹாவ், அல்-பீரூனியின் 'அல்-ஆஸாருல் பாக்கியா' என்னும் காலக்கணிப்பு நூலை 1878இல் பதிப்பித்தபோது, அறிஞரின் சொந்தப் பட்டியலைத் தமது முன்னுரையில் சேர்த்து அச்சிட்டார். ராஸீ பற்றிய பட்டியலை உள்ளடக்கிய பதிப்பொன்றைப் போல் க்ரவ்ஸ் 1936இல் பாரிஸில் வெளியிட்டார். தம் நூல்களைத் தாமே கணக்கெடுத்து எழுதும் வழக்கத்துக்குக் கிரேக்க மருத்துவர் காலன் ஏற்கனவே முன்மாதிரியாக இருந்தார். ஆயினும் அல்-பீரூனியின் மடல் தனித்தன்மை வாய்ந்தது. முற்றுப்பெற்ற நூல்கள் 103, முற்றுப்பெறாதவை 10, தம் பெயரில் பிறர் இயற்றியவை 25 என அவர் பிரித்துக் காட்டுகின்றார். பல நூல்களுக்கு நேரே அவை எத்தனை ஏடுகள் கொண்டவை என்பதும் குறிக்கப்பட்டுள்ளது.

இன்றைய பல்கலைக்கழக ஆய்வாளர் எவரும் இத்தகைய பட்டியலொன்றைக் கைவசம் வைத்திருப்பார். ஆனால் அவருடைய பட்டியலின் தலைப்பில் அல்-பீரூனி அறிந்திராத வேறு எண்கள் காணப்படும். அவ்வாய்வுகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்னும் தொகை அவற்றுள் ஒன்று. 'எச்-சுட்டி' எனப்படும் எண் மற்றொன்று. நியமனம், பதவியுயர்வு, ஆய்வு நிதி ஆகியவை பல நாடுகளில் இவ்வெண்களைச் சார்ந்தே தீர்மானிக்கப்படுகின்றன. ஒருவர் பல துறைகளில் உழைத்தவராயின், அத்துறைகள் அனைத்தும் இந்த ஓர் எண்ணுக்குள் அடக்கப்பட்டுவிடும். இவ்வளவுகோல் எதை அளக்கின்றது, எதை அளக்கத் தவறுகின்றது என்பதை அறிய, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட ஒரு பட்டியலையும், அதிலுள்ள நூல்கள் பின்னர் அடைந்த கதியையும் நோக்குவது பயன் தரும். ஆயிரம் ஆண்டு மேற்கோள் வரலாறு வேறெந்த அறிவியலாளருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

முதலில் அளவுகோலின் தோற்றம் பற்றிச் சில வார்த்தைகள். அமெரிக்க நூலகவியலாளர் யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஓர் ஆய்வைப் பின்னர் எவரெவர் எடுத்தாண்டனர், எவரெவர் மறுத்தனர் என்பதைத் தேடிக் கண்டறியும் அட்டவணையொன்று வேண்டும் என்பது அக்கட்டுரையின் கருத்து. பிழையான, நிறைவற்ற தரவுகள் விசாரணையின்றி மறுபடியும் மறுபடியும் எடுத்தாளப்படுவதைத் தடுப்பது அவர் கூறிய நோக்கங்களுள் ஒன்று. அதாவது, மேற்கோள் அட்டவணை திறனாய்வுக்குரிய ஒரு கருவியாகவே கருக்கொண்டது. 1960களில் அது நடைமுறைக்கு வந்தது. தேடுவதற்கென உருவான அட்டவணை பின்னர் எண்ணுவதற்கான அட்டவணையாக மாறியது. கலிபோர்னியாவைச் சேர்ந்த பௌதிகவியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-சுட்டி இம்மாற்றத்தின் உச்சம் எனலாம். ஒருவரின் ஆய்வுகளுள் இருபது ஆய்வுகள் ஒவ்வொன்றும் குறைந்தது இருபது முறை மேற்கோள் காட்டப்பட்டு, இருபத்தோராவதற்கு அந்த நிலை எட்டாதிருப்பின், அவருடைய சுட்டி 20. துறைக்குத் துறை இவ்வெண் பெரிதும் வேறுபடும் என்பதையும், தனியோர் எண் மனிதனொருவனின் ஆய்வைத் தோராயமாகவே காட்டும் என்பதையும் ஹிர்ஷ் அக்கட்டுரையிலேயே சொல்லியிருந்தார். 2020இல் இன்னும் ஒருபடி மேலே சென்று, தாம் படைத்த சுட்டி பெருந்தீங்கு விளைவிக்கக்கூடும் எனவும் எழுதினார். சுட்டியைப் பயன்படுத்துவோர் இவ்விரண்டையும் மேற்கோள் காட்டுவது அரிது.

இனி அல்-பீரூனியின் பக்கம் திரும்புவோம். ஈ. எஸ். கென்னடி 1970இல் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில், மடலில் உள்ளவற்றோடு பிற மூலங்களிலிருந்து தெரியவந்தவற்றையும் சேர்த்து 146 தலைப்புகளைக் கணக்கிட்டார். அவற்றுள் வானியல் 35, சோதிடம் 23, இலக்கியம் 16, கணிதம் 15, புவியளவியல் 10, புவியியல் 9. எஞ்சியவை காலக்கணிப்பு, மருந்தியல், இரத்தினவியல், வரலாறு, சமயம் எனப் பரந்து செல்கின்றன. பொய்லோ 1955இல் தொகுத்த பட்டியலில் தொகை 180ஐ எட்டுகின்றது. கென்னடியின் கணக்கின்படி அவருடைய காலத்தில் கிடைத்திருந்தவை இருபத்திரண்டு நூல்கள் மாத்திரமே.

நமது சிறப்பு மலர்களும் விழா உரைகளும் இவ்வெண்களுள் மிகப் பெரியதைத் தெரிந்தெடுத்துக் கொள்வது வழக்கம். "180 நூல்களை எழுதிய மாமேதை" என்னும் தொடர் எத்தனையோ மேடைகளில் ஒலித்திருக்கின்றது. இக்கட்டுரையாளரும் அத்தொடரைப் பயன்படுத்தியவர்களுள் ஒருவரே. அந்த 180இல் எத்தனை முழு நூல்கள், எத்தனை பத்து ஏட்டுச் சிறு குறிப்புகள், எத்தனை பிறர் இயற்றியவை என அப்போது வினவிப் பார்க்கவில்லை. எண்ணிக்கையால் ஆய்வாளரை மதிப்பிடும் இன்றைய முறையை நாம் குறைகூறுகின்றோம். ஆனால் நமது முன்னோரைப் புகழும்போது நாம் கையாள்வதும் அதே முறைதான். வாசித்தல் இரண்டிடத்திலும் தவிர்க்கப்படுகின்றது.

அல்-பீரூனியின் நூல்களுள் எவை அதிகம் மேற்கோள் காட்டப்பட்டன? முதலாவதாகச் சொல்லத்தக்கது 'அல்-கானூனுல் மஸ்ஊதீ'. பதினொரு பாகங்கள் கொண்ட இவ்வானியற் பெருநூல் சுல்தான் மஸ்ஊதின் பெயரால் இயற்றப்பட்டது. இதிலுள்ள ஊர்களின் நெட்டாங்கு அகலாங்கு அட்டவணை மிக நீண்ட ஆயுள் பெற்றது. ஹமாவின் அரசரும் அறிஞருமான அபுல் ஃபிதா 1321இல் முடித்த 'தக்வீமுல் புல்தான்' என்னும் புவியியல் நூலை நோக்குக. அதன் அட்டவணைகளில், ஒவ்வோர் ஊரின் அளவுகளும் எவரிடமிருந்து பெறப்பட்டன என்பதைச் சொல்லத் தனியொரு நிரல் ஒதுக்கப்பட்டுள்ளது. அந்நிரலில் 'கானூன்' என்னும் சொல் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றது. மேற்கோட் கணக்கு எழுத விரும்புவோருக்கு இதைவிட வசதியான மூலம் கிடைக்காது, விரலால் எண்ணிவிடலாம்.

இரண்டாவது உதாரணம் வேறு வகையானது. உலோகங்களினதும் இரத்தினங்களினதும் ஒப்படர்த்தி பற்றி அல்-பீரூனி எழுதிய சிறு நூலில், கூம்பு வடிவக் கலமொன்றில் பொருளை இட்டு, வெளியேறும் நீரை நிறுக்கும் முறை விளக்கப்படுகின்றது. பொன்னின் நிறையை நூறு எனக் கொண்டு ஏனைய உலோகங்களையும், யாகூத்தை நூறு எனக் கொண்டு ஏனைய கற்களையும் அவர் ஒப்பிட்டார். இவ்வளவீடுகளை மர்வ் நகரத்து அல்-காஸினீ ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121) எழுதிய 'மீஸானுல் ஹிக்மா'வில், ஆசிரியரின் பெயரைச் சொல்லி விரிவாக எடுத்தாண்டார். மேற்கோட் கணக்கில் இது ஒன்று. அபுல் ஃபிதாவின் நிரலில் வரும் ஒவ்வோர் ஊருக்கும் ஒன்று என எண்ணினால் கானூனுக்கு நூற்றுக்கணக்கில் சேரும். ஆனால் ஒப்படர்த்தி ஆய்வின் பரிசோதனை முறையை முழுமையாக உள்வாங்கி, துலாக்கோல் பற்றிய ஒரு பெருநூலுக்குள் அதற்கு இடமளித்தவர் காஸினீ ஒருவர்தான். அந்த ஒரு மேற்கோளில் ஓர் ஆய்வு மற்றோர் ஆய்வுக்குள் வாழ்கின்றது. நிரலில் உள்ள நூற்றுக்கணக்கான மேற்கோள்களில் எண்கள் பெயர்த்தெழுதப்பட்டன. இரண்டும் பயனுடையவை, ஆனால் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல.

சோதிட நூலின் கதையோ விசித்திரமானது. ரைஹானா பின்த் அல்-ஹஸன் என்னும் பெண்மணிக்காக 1029இல் வினாவிடை வடிவில் எழுதப்பட்ட 'தஃப்ஹீம்' ஓர் ஆரம்ப நூல். கேத்திரகணிதத்தில் தொடங்கி எண்கணிதம், வானியல், புவியியல், அஸ்தர்லாப் எனச் சென்று சோதிடத்தில் முடிகின்றது. முன்னைய துறைகளைக் கற்காதவன் சோதிடன் என்னும் பெயருக்கே தகுதியற்றவன் என்பது அல்-பீரூனியின் நிலைப்பாடு. சோதிடத் தீர்ப்புகளின்பால் அவர் கொண்டிருந்த அவநம்பிக்கையும் ஆங்காங்கே வெளிப்படுகின்றது. இந்நூல் அறபியிலும் பாரசீகத்திலும் பல பிரதிகளாகப் பெருகிற்று. மாணவரும் தொழில்முறைச் சோதிடரும் அதனை விரும்பிப் பிரதிபண்ணினர். எச்-சுட்டியின் கண்ணால் நோக்கின், தாமே முழுமையாக நம்பாத ஒரு துறைக்கான பாடநூல் அவருடைய தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாகிவிடும்.

இதற்கு நேர் மறுபுறத்தில் இருப்பது 'தஹ்தீது நிஹாயாதில் அமாகின்'. ஊர்களின் இருப்பிடங்களைத் துல்லியமாக அறிந்து, கஸ்னாவிலிருந்து கிப்லாவின் திசையைக் கணிப்பதே இந்நூலின் நோக்கம். அதற்காக அவர் நகரங்களுக்கிடையிலான தூரங்களையும் அகலாங்குகளையும் ஒன்றோடொன்று பிணைத்து, பக்தாதிலிருந்து கஸ்னா வரை ஒரு கணித வலையை விரிக்கின்றார். புவியளவியலின் வரலாற்றில் இதற்கு நிகரான நூல் மத்திய காலத்தில் இல்லை என்று கூறினால் மிகையாகாது. அந்நூல் நம் காலத்தை எட்டியது இஸ்தான்பூலில் உள்ள ஒரேயொரு கையெழுத்துப் பிரதியின் மூலம். ஹிஜ்ரி 416இல், அதாவது ஆசிரியர் உயிருடன் இருந்த காலத்தில் எழுதப்பட்ட பிரதி அது. அவருடைய கையெழுத்தாகவே இருக்கலாம் எனக் கருதுவோரும் உளர். 1962இல் புல்காகோவ் கெய்ரோவில் அதனைப் பதிப்பித்தார். 1967இல் ஜமீல் அலீயின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. 1973இல் கென்னடி அதற்கு விரிவுரை எழுதினார். ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகள் இந்நூலின் மேற்கோட் கணக்கு பூச்சியத்தை அண்டியே இருந்தது. அந்தப் பிரதி தீயில் எரிந்திருப்பின், அல்லது ஏதேனும் ஒரு கட்டுமானத்துக்குப் பழந்தாளாகப் போயிருப்பின், அது பட்டியலில் ஒரு வரியாக மாத்திரமே எஞ்சியிருக்கும்.

இந்தியாவைப் பற்றிய நூலின் நிலையும் இதற்குச் சற்றே மேல். 1030இல் முடிக்கப்பட்ட அந்நூலை ரஷீதுத்தீன் ஃபள்லுல்லாஹ் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமது 'ஜாமிஉத் தவாரீக்'கில் இந்தியா பற்றி எழுதியபோது பயன்படுத்தினார். மற்றபடி அதனை நுணுகிக் கற்றவர் மிகச் சிலரே. ஸாஹாவ் 1887இல் அறபு மூலத்தையும் மறு ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்ட பின்னர்தான், இன்று அல்-பீரூனியின் பெயரோடு முதலில் நினைவுக்கு வரும் நூலாக அது மாறியது. பதஞ்சலியின் யோக நூலை அவர் அறபியில் பெயர்த்திருந்தார். அது இஸ்தான்பூலில் கண்டெடுக்கப்பட்டு 1956இல் ஹெல்முட் ரிட்டரால் பதிப்பிக்கப்பட்டது. யூக்லிட்டின் கேத்திரகணிதத்தையும் தொலமியின் அல்மஜெஸ்தியையும் சமஸ்கிருதச் சுலோகங்களாக இந்துக்களுக்கு ஆக்கித்தர முயன்றதாக அவர் இந்தியா நூலில் சொல்கின்றார். அந்த உழைப்பில் எதுவும் எஞ்சவில்லை. எந்தச் சுட்டியிலும் அது ஏறாது.

ஐரோப்பாவில் அவருக்கு ஏற்பட்ட கதி தனியே நோக்கத்தக்கது. கிரெமோனாவின் ஜெரார்ட் முதலானோர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோவில் அறபு நூல்களை இலத்தீனில் பெயர்த்தபோது, இப்னு ஸீனாவின் மருத்துவக் கானூன் அதில் இடம்பெற்றது. இப்னுல் ஹைஸமின் ஒளியியல் நூலும் இலத்தீனைச் சென்றடைந்தது; 1572இல் ரிஸ்னரின் பதிப்பாக அச்சேறவும் செய்தது. இவ்விருவரும் அல்-பீரூனியின் சமகாலத்தவர். இப்னு ஸீனா அவரோடு பதினெட்டு வினாக்கள் குறித்து எழுத்து மூலம் விவாதித்தவர். அந்த விவாதத்தில் அரிஸ்டோட்டிலின் வானவியற் கொள்கைகளைக் கடுமையாகக் கேள்விக்குட்படுத்தியவர் அல்-பீரூனி. ஆனால் அவருடைய பெருநூல் எதுவும் இலத்தீனுக்குச் செல்லவில்லை. தொலேதோவின் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தலூஸைச் சென்றடைந்த நூல்களையே எடுத்தாள முடியும். கஸ்னாவோ இஸ்லாமிய உலகின் மறுகோடியில் இருந்தது. ஆக, பாதையின் தூரமும் பிரதிபண்ணுவோரின் தேவையும் பாடசாலைகளின் பாடத்திட்டமும் மேற்கோளைத் தீர்மானித்தன. இருபதாம் நூற்றாண்டில் விஞ்ஞான வரலாற்றாசிரியர் ஜார்ஜ் ஸார்டன் பதினோராம் நூற்றாண்டின் முற்பாதிக்கு 'அல்-பீரூனியின் காலம்' எனப் பெயரிட்டார். இடைப்பட்ட காலத்தில் நூல்கள் மாறவில்லை. அவற்றை வாசிப்பவர் கிடைத்தனர், அவ்வளவுதான்.

அல்-பீரூனி பிறரை எவ்வாறு மேற்கோள் காட்டினார் என்பது இவ்விவாதத்தில் பெரும்பாலும் மறக்கப்படும் பகுதி. நந்தனா கோட்டைக்கருகே ஒரு மலையின் உயரத்தையும், அதன் உச்சியிலிருந்து தொடுவானம் தாழ்ந்து தெரியும் கோணத்தையும் அளந்து, பூமியின் ஆரத்தை அவர் கணக்கிட்ட வரலாறு பலரும் அறிந்தது. மலையின் உயரம் 652 முழத்துக்குச் சற்று அதிகம்; கோணம் 34 கலை. இன்றைய அளவோடு ஒப்பிட்டு அவருடைய கணிப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியென எழுதும் கட்டுரைகள் ஏராளம். அவர் பயன்படுத்திய முழத்தின் நீளம் குறித்து நிச்சயமில்லை என்பதையும், வளிமண்டல ஒளிமுறிவு கோணத்தைப் பாதிக்கும் என்பதையும் அக்கட்டுரைகள் கண்டுகொள்வதில்லை. இதைவிட முக்கியமானது அல்-பீரூனி தாமே எழுதியது. தமது விடை கலீஃபா மஃமூனின் காலத்து அறிஞர்கள் பாலைவனத்தில் அளந்து பெற்ற அளவுக்கு மிக நெருங்கியிருப்பதைக் கண்ட அவர், அவர்களுடைய கருவிகள் நுட்பமானவை, அவர்கள் பட்ட சிரமமும் அதிகம் என்று கூறி, அவர்களின் அளவையே தாம் பயன்படுத்துவதாகக் கானூனில் குறிப்பிடுகின்றார். தம் சொந்த முடிவைப் பின்னிறுத்தி முன்னோரின் முடிவை முன்னிறுத்தும் இம்மேற்கோளில் ஓர் அறிவியலாளரின் தராசு தெரிகின்றது. நாம் எழுதும் புகழ்மாலையில் அது தெரிவதில்லை.

மடலின் முற்பகுதியிலும் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. ராஸீயின் இறையியல் நூலொன்றை வாசித்த அல்-பீரூனி, அதில் மானியின் நூல்கள், குறிப்பாக 'ஸிஃப்ருல் அஸ்ரார்', சுட்டப்படுவதைக் கண்டார். அந்த மூலத்தைப் பார்த்துவிட வேண்டும் என்னும் ஏக்கம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தம்மை வாட்டியதாக எழுதுகின்றார். இறுதியில் ஹமதானிலிருந்து கவாரிஸ்முக்கு வந்த ஒருவரிடம் மானியின் நூற்றொகுதி கிடைத்தது. நீர் தேடிய தாகி கானலைக் கண்டதுபோன்ற ஏமாற்றமே அவருக்கு மிஞ்சியது. எனினும் அதைச் சுருக்கி எழுதிவைத்தார், தம்மைப் போல் பிறரும் ஏமாறாதிருக்க. ஓர் அடிக்குறிப்பின் மூலத்தைத் தேடி நாற்பது ஆண்டுகள் காத்திருந்த ஒருவரின் மேற்கோளையும், தாம் திறந்தும் பாராத கட்டுரைகளின் பெயர்களைப் பிறர் பட்டியலிலிருந்து பெயர்த்தெழுதும் ஒருவரின் மேற்கோளையும் ஒரே அலகாக எண்ணுகின்றது இன்றைய அட்டவணை. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நேர்மையும் நினைவாற்றலும் தனித்தனியே எடைபோடப்பட்ட மரபில் வந்தவர்களுக்கு இது விந்தையாகவே தோன்றும்.

பிறர் இயற்றிய 25 நூல்கள் விடயத்திலும் மடல் சிந்தனைக்குரியது. அவருடைய ஆசான் அபூ நஸ்ர் மன்ஸூர் இப்னு இராக் பன்னிரண்டு, அபூ ஸஹ்ல் அல்-மஸீஹீ பன்னிரண்டு, அபூ அலீ அல்-ஜீலீ ஒன்று என அவர் பெயர் சொல்லிப் பிரிக்கின்றார். மடியில் வளர்க்கப்படும் வளர்ப்புப் பிள்ளைகளைப் போன்றவை இவை, சொந்தப் பிள்ளைகளிடமிருந்து இவற்றை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை என்று பரிவோடு சொல்லவும் செய்கின்றார். ஆனால் கணக்கில் அவற்றைத் தனியே நிறுத்துகின்றார். பாசம் வேறு, கணக்கு வேறு. ஆய்வுக்கூடத் தலைவர் என்ற ஒரே காரணத்தால் கட்டுரைகளில் பெயர் பதித்துக்கொள்ளும் வழக்கம் பல துறைகளில் பெருகியுள்ள காலத்தில், இந்த ஒரு பிரிவு மாத்திரமே மடலை மீள வாசிக்கப் போதுமான காரணமாகும். இளமையில் எழுதியவற்றைத் தாம் அறிவு முதிர்ந்த பின்னரும் ஒதுக்கிவிடவில்லை, எல்லாம் தம் பிள்ளைகளே என்று சொல்லிவிட்டு, மனிதர் பெரும்பாலும் தம் பிள்ளையிடமும் தம் கவிதையிடமும் மயங்குவர் எனத் தம்மைத் தாமே எள்ளிக்கொள்கின்றார். பாமியானின் இரு சிலைகள் பற்றிய கதை, வாமிக்-அத்ரா காதற்கதை ஆகியவற்றைத் தாம் பெயர்த்ததையும் வேடிக்கை நூல்களாக அதே பட்டியலில் மறைக்காமல் சேர்த்துள்ளார். அக்கதைகளின் அறபு வடிவம் எதுவும் கிடைக்கவில்லை.

எண்ணுதல் எப்போதும் வீண் என்பது இங்கு வாதமன்று. கென்னடி துறைவாரியாக எண்ணியிராவிடின், வானியலிலும் சோதிடத்திலும் அல்-பீரூனியின் உழைப்பு எவ்வளவு குவிந்திருந்தது என்பது நமக்குத் தெளிவாகியிராது. சிபாரிசும் உறவும் நியமனங்களைத் தீர்மானிக்கும் சூழலில், எண் ஒன்று இருப்பது ஏழை மாணவனுக்குக் காப்பாக அமைவதும் உண்டு. எண் அதன் அளவைத் தாண்டும்போதே தீங்கு தொடங்குகின்றது. 2015இல் 'நேச்சர்' இதழில் வெளியான லெய்டன் அறிக்கை, எண் சார்ந்த மதிப்பீடு நிபுணரின் தீர்ப்புக்குத் துணையாக வேண்டுமேயன்றி அதன் இடத்தைப் பிடிக்கலாகாது என வலியுறுத்தியது. அல்-பீரூனியின் மடல் பேணப்படும் அதே நகரின் பெயர் அவ்வறிக்கைக்கு வாய்த்தது தற்செயலே.

முஸ்லிம் உலகத்தைப் பொறுத்தவரை இவ்விடயம் தூரத்து விவகாரமன்று. சவூதி அரேபியாவின் இரு பல்கலைக்கழகங்கள், அதிகம் மேற்கோள் காட்டப்படும் வெளிநாட்டு ஆய்வாளர்களைப் பகுதிநேரப் பதவிகளில் அமர்த்தி, அவர்களின் கட்டுரைகளில் தமது பெயரையும் சேர்க்கச் செய்வதன் மூலம் உலகத் தரவரிசையில் உயர்வதாக 'சயன்ஸ்' 2011 டிசம்பரில் எழுதியது. ஆய்வுத் தொடர்புகளை வளர்ப்பதே நோக்கம் என அப்பல்கலைக்கழகத் தரப்பினர் விளக்கமளித்தனர். அவ்விளக்கத்தில் உண்மை இருக்கலாம். ஆயினும் பணத்தால் பெறப்படும் மேற்கோள் எண் எதைச் சுட்டுகின்றது என்னும் வினா எஞ்சுகின்றது. சுல்தான் மஸ்ஊத் தமக்குச் சமர்ப்பிக்கப்பட்ட கானூனுக்காக ஒரு யானைச் சுமை வெள்ளி அனுப்பினார் எனவும், தமக்குத் தேவையில்லை எனக் கூறி அல்-பீரூனி அதனைக் கருவூலத்துக்கே திருப்பினார் எனவும் யாகூத் அல்-ஹமவீ எழுதுகின்றார். நிகழ்ச்சி மெருகூட்டப்பட்டிருக்கலாம். அதே யாகூத், மர்வ் ஜும்ஆப் பள்ளிவாசலின் வக்ஃபில் அல்-பீரூனியின் நூல்களின் பட்டியலை நெருக்கமான எழுத்தில் அறுபது ஏடுகளாகத் தாம் பார்த்ததாகவும் சொல்கின்றார். அது பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம். சில ஆண்டுகளில் மங்கோலியர் மர்வை அழித்தனர்.

வெளிவந்துள்ள பதிப்புகளில் பெரும் பங்கு ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃபுக்கு உரியது. இரத்தினவியல் நூலான 'அல்-ஜமாஹிர்' 1936இலும், அல்-பீரூனியின் நான்கு சிறு நூல்களும் அபூ நஸ்ரின் மடல்களும் 1948இலும், கானூன் மூன்று தொகுதிகளாக 1954 முதல் 1956 வரையும் அங்கிருந்து வெளிவந்தன. எந்த மேற்கோட் சுட்டியும் அப்பதிப்பாளர்களை ஊக்குவிக்கவில்லை. மூலப்பிரதிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்பது இன்றைய கணக்கில் மிகக் குறைந்த புள்ளி பெறும் பணி. பத்தாண்டு உழைப்பு ஒரேயொரு வெளியீடாக எண்ணப்படும். இளம் ஆய்வாளர் எவரும் அதனைத் தெரிவு செய்யத் தயங்குவது இயல்பே. 'நூற்றெண்பது நூல்கள்' எனப் பெருமை பேசும் சமூகம், கிடைத்துள்ள இருபத்துச் சொச்ச நூல்களுள் எத்தனைக்குத் தமிழில் நம்பத்தகுந்த அறிமுகமாவது உண்டு என்பதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

மடல் எழுதிய பின்னரும் அல்-பீரூனி ஓயவில்லை. சந்திரக் கணக்கில் எண்பது வயதைக் கடந்து, பார்வையும் செவியும் தளர்ந்த நிலையில், ஒரு மருத்துவரின் துணையோடு 'கிதாபுஸ் ஸைதனா' என்னும் மருந்தியல் அகராதியைத் தொகுத்தார். மூலிகை ஒவ்வொன்றுக்கும் அறபு, கிரேக்கம், சிரியாக், பாரசீகம், இந்திய மொழிகள் ஆகியவற்றில் வழங்கும் பெயர்கள் அதில் திரட்டப்பட்டுள்ளன. அவர் ஹிஜ்ரி 440இல் மறைந்தார் என்னும் வழக்கமான குறிப்பை ஐயுறச் செய்வதும் இந்நூலில் அவர் சொல்லும் வயதே. செம்மைப் பிரதி ஆக்கப்படும் முன்னர் அவர் காலமானார். துருக்கியின் பூர்ஸா நகரில் கிடைத்த கையெழுத்துப் பிரதியை அடிப்படையாகக் கொண்டு மாக்ஸ் மையர்ஹோஃப் 1932இல் முன்னுரையை மாத்திரம் வெளியிட்டார்; முழு நூல் ஹகீம் முஹம்மத் ஸயீதின் முயற்சியால் 1973இல் கராச்சியில் அச்சேறியது. ஹிஜ்ரி 427இன் பட்டியலில் அந்நூலுக்கு இடமில்லை. அப்போது அது எழுதப்பட்டிருக்கவில்லை.